எங்கிருந்து அளப்பது

மீன் உறையும் ஆலையில் இரவுப் பணி முடித்து
தூங்கப் போகிறவனை வழிமறித்து
மலைக்கு இழுத்துப் போனாள் ஸ்டெய்ன்வோர்.
பாதித் தூரம் வண்டி. மீதித் தூரம் முழங்கால்.

மேலே ஒரு தகரக் கொட்டில்.
பனி சரியும் முன்னால் மலை முனகுமாம்.
அதைக் கேட்கப் பாறையில் புதைத்த காதுகள் எட்டு.
மூன்று நாளாய் எட்டும் சொல்வது ஒன்றுதான்:
ம்ம்ம்ம்ம்ம்.

"மலையா?"
"கரண்ட்."

அவள் மொழியில் எனக்கு நூறு சொல் வரும்,
என் போலிஷில் அவளுக்கு வசவு மட்டும் வரும்.
மற்றதெல்லாம் வோல்ட்டில் பேசினோம்.

பெருக்கிக்கு மேலே பன்னிரண்டு வேண்டும்,
கீழே பன்னிரண்டு வேண்டும்,
நடுவில் ஒரு பூஜ்யம்.
அதைத் தந்துகொண்டிருந்த பெட்டி நவம்பரில் செத்துவிட்டது.
நான் கொண்டுவந்தவை இரண்டு ஒற்றைகள்:
ஒன்று எடைமேடையில் கழற்றியது,
ஒன்று யாரோ வீசிய மோடத்துடையது.

இரண்டையும் செருகி,
இதன் சிவப்புக்கும் அதன் கறுப்புக்கும் நடுவே
மீட்டர் வைத்தேன்.
நாற்பத்தொன்று. ஏழு. இருபது. மூன்று.
தனித்தனியே கேட்டால் சுத்தமாய்ப் பன்னிரண்டு.
ஒன்றைப் பற்றி மற்றதைக் கேட்டால்
வாய்க்கு வந்ததைச் சொல்கின்றன,
ஒட்டுமில்லை உறவுமில்லை.

ஒரு விரல் நீளக் கம்பி.
இதன் கறுப்பை அதன் சிவப்போடு முறுக்கினேன்.
இதுதான் பூஜ்யம் என்று
நாங்கள் இருவர் மட்டும் முடிவு செய்தோம்,
யாரையும் கேட்கவில்லை.
கொஞ்ச நேரம் முன் வெறும் முனை.
இப்போது எல்லா அளவும் அதன் காலடியில்.

பெட்டியின் உடம்பில் அதைக் கட்டினேன்.
உடம்பு சுவருக்கு, சுவர் ஊருக்கு,
ஊர் தன் மண்ணுக்கு.
நன்றாகத்தான் இருந்தது.

பிறகு அலைகாட்டியை எடுத்தேன்.
கீழ்ப் பன்னிரண்டில் முனகல் எவ்வளவு என்று பார்க்க
அதன் கறுப்புக் கிளிப்பைக் கவ்வ வைத்தேன்.
பட்டென்று ஒரு நீலம்.
கிளிப்பின் பல் ஒன்று உருகி ஒட்டிக்கொண்டது.
கொட்டில் முழுக்கக் கருகிய பிளாஸ்டிக்.

தூக்கத்தில் மறந்துவிட்டேன்.
அந்தக் கறுப்பும் சுவர் வழியே
அதே மண்ணுக்குத்தான் போகிறது.
ஒரே பூஜ்யத்தை இரண்டு இடத்தில் பிடித்து
நடுவில் பன்னிரண்டு வோல்ட்டை நிற்கச் சொன்னேன்.

"எர்த் முனையை வெட்டிவிடலாமா?"
அவள் என் கையிலிருந்து கட்டரைப் பிடுங்கினாள்.
என்னவோ சொன்னாள், வேகமாய். எனக்குப் பிடிபட்டது இவ்வளவு:
மிதப்பது தப்பிப்பது இல்லை,
எவ்வளவு தூரம் போய்விட்டோம் என்று தெரியாமலிருப்பது.
மீதி போலிஷ்.

ஃபியூஸ் மாற்றினேன். முனகல் அப்படியே.

அவள் வெளியே போனாள்.
கேபிளைக் கையால் தடவிக்கொண்டே,
பனியில், எட்டாவது காது வரை.
அங்கே, பாறை இடுக்கில் ஒரு செப்புக் கம்பி.
எரிமலைக் கல்லில் எதுவும் இறங்காது;
யாரோ பிடிவாதமாய் அடித்து,
ஒரு சாணுக்கு மேல் போகாமல் வளைந்து,
கேபிளின் உறையை அதில் சுற்றியிருந்தார்கள்.
நல்லெண்ணத்தில்தான்.
ஊர் மண் ஒரு பூஜ்யம் சொன்னது,
மலைக்கல் வேறொன்று.
இரண்டின் வித்தியாசம் இரவும் பகலும்
உறை வழியே நடந்துகொண்டிருந்தது.

வயர்லெஸ்ஸில் அவள் குரல்: "அவிழ்த்துட்டேன்."

முனகல் நின்றது.
இப்படி ஒரு மௌனத்தை
ஆலையில் சேர்ந்த ஆறு வருஷத்தில் கேட்டதில்லை.
அதற்குள்ளிருந்து
அவள் திரும்பி வரும் பூட்ஸ், ஒவ்வொன்றாய்.
கீழே, துறைமுகத்தில், ஏதோ இயந்திரம்.

உள்ளே வந்து காப்பி ஊற்றினாள்.
ஆறாவது கோடு துள்ளியது.
இருவரும் மூச்சை அடக்கினோம்.
அவள் கை தொலைபேசியில், ஊரை எழுப்பும் எண்ணில்.

கோப்பை. நான் கீழே வைத்த கோப்பை.

எடுத்து மறுபடி வைத்தேன்.
மறுபடி துள்ளியது.